ஏழாம் நம்பர் தோள்

மழை... அதுவும் காவிரிப் பாலத்தின் மேல், காலை ஒன்பது மணி மழை!

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிப் பக்கம் போகிற வண்டிகள் அத்தனையும் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டன. முன்னால் என்னதான் நடக்கிறது, இறங்கிப் பார்க்கலாம் என்று ஆஸ்டின் தன் வேனின் கதவைத் திறந்தான். திறந்த வேகத்தில்... டமார்!

ஒரு ஸ்கூட்டி சாய்ந்தது. அதன் முன்னால் இருந்த நீலப் பெட்டி தரையில் விழுந்து, மூடி கழன்று, உள்ளே இருந்த ஐஸ் எல்லாம் மழைத் தண்ணீரோடு ஓடியது.

"கண்ணு எங்கங்க இருக்கு உங்களுக்கு?"

ஆஸ்டின் திரும்பினான். ரெயின்கோட் தொப்பிக்குள்ளிருந்து, இமை நுனியில் ஒரு துளி மழை தொங்க, இரண்டு கண்கள்... கோபத்தில் இவ்வளவு அழகாக இருக்க முடியுமா? முப்பது வயதுவரை யாரும் அவனிடம் சொல்லவே இல்லையே!

ஆனால் அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் தரையில் மண்டியிட்டு, விரல் நீளத்துக் கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உடையல... மாதாவே, உடையல..."

"சாரிங்க. உங்களுக்கு அடி பட்டுச்சா?"

"எனக்கு என்ன ஆனா என்ன? இது எட்டு டிகிரியத் தாண்டிடக் கூடாது. தென்னூர் போறதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா ரெண்டு வார வேலை போச்சு!"

வேறு யாராவது என்றால் விழித்திருப்பார்கள். ஆஸ்டினுக்கு அது தாய்மொழி மாதிரி. மாம்பழச் சாலையில் ஃப்ரீசர், ஐஸ்கிரீம் பெட்டி, ஆஸ்பத்திரிக் குளிர்பதனப் பெட்டி எல்லாம் ரிப்பேர் செய்கிறவன் அவன்.

"ரத்தம்தானே? ரெண்டுலேருந்து எட்டுக்குள்ள இருக்கணும். இருங்க..."

வேனின் பின்கதவைத் திறந்தான். ஐஸ்கிரீம் ஏஜென்சி ஒன்றுக்குக் கொண்டுபோகிற பெட்டியிலிருந்து நான்கு ஐஸ் பாக்கெட்டுகளை எடுத்தான். அவள் அவசரமாகக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"அப்படியே வெச்சீங்கன்னா ரத்தம் உறைஞ்சுடும். இது மைனஸ்ல இருந்தது." தன் தோள் துண்டை எடுத்துப் பாக்கெட்டுகளைச் சுற்றினான். "இப்ப வைங்க."

அப்போதுதான் அவள் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு நொடி... இரண்டு நொடி... மழை கூடக் கொஞ்சம் நின்று பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"தேங்க்ஸ்ங்க. துண்டைத் திருப்பித் தந்துடறேன்."

"யாரோட ரத்தம்ங்க இது?"

"ஏழாம் நம்பர்."

"பேரு?"

"சொல்லக் கூடாது."

பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, நின்ற வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை நெளித்து நெளித்து ஓட்டிப் போய்விட்டாள். ஆஸ்டின் மழையில் நின்றான். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை... அந்த நீலப் பெட்டியின் மேல் அவனுக்குப் பொறாமை வந்தது.

அவள் பெயர் பிரான்சி. துண்டை இஸ்திரி போட்டு எடுத்து வந்தபோது தெரிந்துகொண்டான். தென்னூரில் அப்பாவோடு இருக்கிறாள். அங்கேயே ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையத்தில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் பக்கம் வந்து ஒருவரிடம் ரத்தம் எடுத்துப் போவாள். என்ன ஆராய்ச்சி, யார் அந்த ஒருவர்... அதைக் கேட்டால் மட்டும் உதட்டின் மேல் விரலை வைப்பாள்.

"அப்படி என்னங்க ராக்கெட்டா விடறீங்க?"

"ராக்கெட்டை விடப் பெரிசு. நீங்க ஐஸைக் குடுங்க."

அதன்பிறகு அவள் வருகிற ஒவ்வொரு செவ்வாயும் வழியில் ஆஸ்டின் கடையில் ஐஸ் பாக்கெட்டுகள் சரியான குளிரில் தயாராக இருந்தன. கூடவே டீயும். அவள் ஊதி ஊதிக் குடிப்பாள். குடித்துக்கொண்டே அவன் கழற்றிப் போட்டிருக்கும் மோட்டாரைப் பற்றி நூறு கேள்வி கேட்பாள். அவன் பதில் சொல்லும்போது கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். மூன்று செவ்வாயில் ஆஸ்டின் புதிதாக நான்கு சட்டை வாங்கினான்.

நான்காவது செவ்வாய்தான் வினை.

டீ பாதியில் அவள் கைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது போதாதா? கிளாஸை வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். காற்று கடையைப் பார்த்து அடித்தது. ஆஸ்டின் ஸ்குரூ டிரைவரை நிறுத்திவிட்டான்.

"சொல்லுங்க சார்... தோள் எப்படி இருக்கு? ...செவந்திருக்கா? ...அரிப்பு? ...நான் வந்து பாக்கறேன், நீங்களா எதுவும் போடாதீங்க." ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு. "அதான் சொல்லியிருக்கேனே... தடவினதுக்கப்புறம் நாலு மணி நேரம் யாரையும் தொட விடாதீங்க. பாப்பாவையும் தூக்காதீங்க. ...பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல!

ஆஸ்டினின் நெஞ்சுக்குள் யாரோ கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். தோளாமே... தடவினாளாமே... யாரையும் தொட விடக் கூடாதாமே! தன் தோளைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டான். நல்ல தோள்தான். யார் விசாரித்தார்கள்?

"யாருங்க போன்ல?" அவள் உள்ளே வந்ததும் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஆபீஸ் விஷயம்."

"ஏழாம் நம்பரா?"

அவள் கண்கள் சட்டென்று அவன் முகத்தில் நின்றன. "ஒட்டுக் கேட்டீங்களா?"

"காத்துல வந்துச்சு."

"காத்துல வந்ததைக் காத்துலயே விட்டுடுங்க, ஆஸ்டின்." கிளாஸில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பா என்றாளே... அப்படியென்றால் கல்யாணமானவன்! கல்யாணமானவனோடு இவளுக்கு என்ன? இரண்டு வாரம் ஆஸ்டின் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கடையின் ஃப்ரீசரில் வயரை மாற்றிக் கொடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினான். கண்ணை மூடினால் ஒரு தோள்... முகம் தெரியாத ஒருவனின் அகலமான தோள். அதன் மேல் பிரான்சியின் விரல்கள்.

அவள் வருகிற அடுத்த செவ்வாய் அவன் கடையைத் திறக்கவே இல்லை. அவள் ஸ்கூட்டிக்கு ஐம்பதடி பின்னால் பைக்கில் போனான். 'தப்பு ஆஸ்டின், தப்பு' என்று மனசு சொன்னது. கை ஆக்சிலரேட்டரை முறுக்கியது.

மேலூர் ரோட்டில், வாழைத் தோப்பை ஒட்டி, பச்சை கேட் போட்ட வீடு. அவள் கேட்டைத் திறந்து உரிமையோடு உள்ளே போனாள். ஆஸ்டின் எண்ணி ஐந்து நிமிடம் வெளியே நின்றான். அதற்கு மேல் முடியவில்லை. வாசல் கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், சட்டையில்லாமல். பிரான்சி அவன் தோளுக்கு மேல் குனிந்து, விரலால் தொட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க நடக்குது இங்க?"

அது தன் குரல்தான் என்று ஆஸ்டினுக்கே நம்ப முடியவில்லை. அவ்வளவு சத்தம்.

"ஆபீஸ் விஷயம்னீங்க? இதான் ஆபீஸா? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஆம்பள தோளத் தொட்டுப் பாக்கறதுதான் ஆராய்ச்சியா?"

பின்கட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள் ஓடி வந்தார். அந்த வீட்டின் பெரியவர் அழகம்மாள். ஆஸ்டினைப் பார்த்தார், பிரான்சியைப் பார்த்தார், சட்டையில்லாத மகனைப் பார்த்தார்.

"சித்தார்த்து... சுகர் டெஸ்ட் எடுக்க வருதுன்னுதானேடா சொன்ன இந்தப் பொண்ண? இந்தத் தம்பி என்ன சொல்றாரு? யாருடா இவ?"

சித்தார்த் என்ற அந்த மனிதன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான்தான் அத்தை வரச் சொன்னேன்."

சமையலறை வாசலில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். சித்தார்த்தின் மனைவி யாழினி. மெலிந்த உடம்பு. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இது சுகர் டெஸ்ட் இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னோம், மன்னிச்சிடுங்க. பாப்பா பொறந்ததுக்கப்புறம் அடுத்தது தள்ளிப் போகட்டும்னு நான் சாப்பிட்ட மாத்திரை எனக்கு ஒத்துக்கல. தலைவலி, வாந்தி... நீங்கதான் ராத்திரி பூரா தலையப் பிடிச்சு விட்டீங்க. அப்புறம் காப்பர்-டி. ரெண்டு மாசம் ரத்தம் நிக்கல. எல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் இருக்கு அத்தை. ஆம்பளைங்களுக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கறாங்க... தோள்ல தடவற ஜெல். தெனம் தடவினா உயிரணு கொறையும், நிறுத்தினா மறுபடி வந்துடும்னு எதிர்பாக்கறாங்க. சரியா வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்க ஆளு வேணும்னாங்க. 'இந்தத் தடவ நான் பாத்துக்கறேன்'னு உங்க புள்ளதான் கையெழுத்துப் போட்டாரு. நானும் போட்டிருக்கேன். இந்த மேடம் அவருக்கு எதுவும் ஆகாம பாத்துக்க வராங்க."

குழந்தை அம்மாவின் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பியது.

ஆஸ்டினுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதன் ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, நடு வீட்டில் போட்டு உடைத்துவிட்டான் அவன். எதற்கு? ஒரு சிரிப்புக்கு. காற்றில் வந்த ஒரு சின்னச் சிரிப்புக்கு.

அழகம்மாள் மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு ஆஸ்டினைக் காட்டிப் பிரான்சியிடம் கேட்டார்.

"இந்தத் தம்பி உனக்கு யாரும்மா?"

பிரான்சி அவனைப் பார்த்தாள். முதல் நாள் மழையில் பார்த்த அதே கண்கள்தான். ஆனால் கோபம் இல்லை அவற்றில். கோபம் இருந்திருக்கலாம்... தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு இவரைத் தெரியாதுங்கம்மா."

அதன்பிறகு செவ்வாய்கள் வந்தன, போயின. அவள் மாம்பழச் சாலை வழியாக வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மையத்துக்கே போனபோது, தலைமை டாக்டர் ரோசரி மேடம் அவளை வெளிவேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் காவலாளி அப்ரார் பாய் சொன்னார்.

"ஒரு வீட்ல ஏதோ ரகளையாம் தம்பி. ரகசியம் வெளிய போயிடுச்சாம். அந்த ஆளு விலகிக்கிட்டாருன்னா இந்தப் பொண்ணு வேலைக்கே ஆபத்துங்கறாங்க."

ஆஸ்டின் தலை குனிந்து திரும்பினான். அவள் அவனை மன்னிக்கிறாளோ இல்லையோ... அவள் வேலை போகக் கூடாது. அன்று முதல் முறையாக அவன் தன்னைப் பற்றி நினைக்காமல் யோசித்தான்.

மேலூர் ரோட்டில் விசாரித்தான். சித்தார்த் காந்தி மார்க்கெட்டில் வாழை இலை மொத்த வியாபாரி. விடிந்ததும் போய்விட்டான் ஆஸ்டின். இலைக் கட்டுகள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சித்தார்த் மட்டும் கட்டு தூக்காமல் ஓரமாக நின்று ஆட்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி இப்பல்லாம் கட்டையே தொடறதில்ல. புது மாப்பிள்ளை மாதிரி சட்டை கசங்காம நிக்கறாரு!" என்று சுமைதூக்கும் பிச்சமுத்து கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தார்த்தும் சிரித்தான். ஜெல் காய வேண்டும் என்பது ஆஸ்டினுக்கு மட்டும் தெரியும். இந்தக் கிண்டலைத் தினமும் தாங்குகிறான் இவன்... ஒரு வார்த்தை பேசாமல்.

ஆஸ்டினைக் கண்டதும் சித்தார்த்தின் சிரிப்பு நின்றது.

"இங்கயும் சத்தம் போட வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணே. அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

"எதுக்குங்க அப்படிப் பண்ணீங்க?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. ஆஸ்டினுக்கு ஒன்றும் வரவில்லை.

"பொறாமை அண்ணே. உங்க தோள் மேல."

சித்தார்த் அவனை மேலும் கீழும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இலைக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான், சிரிப்புத் தாங்காமல்.

"என் தோள் மேலயா! அடப்பாவி மனுஷா... எங்க வீட்டம்மாகிட்ட சொல்லணும் இத. அவ ஒருத்திதான் இத்தன வருஷத்துல இதத் தோள்னு மதிச்சவ!"

"அண்ணே, நீங்க விலகிடாதீங்க. என்னால அவங்க வேலை போயிடக் கூடாது. உங்க வீட்டுக்கு வந்து அம்மா கால்ல விழணும்னாலும் விழறேன்."

சித்தார்த் சிரிப்பை நிறுத்தினான்.

"விலகறதா? அன்னிக்கு என் பொண்டாட்டி எங்கம்மா முன்னாடி நின்னு பேசினா பாத்தீங்கல்ல? அதுக்கப்புறம் எப்படிங்க விலகறது? எங்கம்மா மூணு நாள் பேசல. நாலாம் நாள், 'அந்த மருந்து ஒடம்பக் கெடுக்காதுல்ல?'ன்னு கேட்டாங்க. அஞ்சாம் நாள், 'உங்கப்பா காலத்துல இது இருந்திருந்தா நான் ஏழு பெத்து மூணப் பறிகுடுத்திருப்பேனா'ன்னாங்க. அவ்வளவுதான். இப்ப காலைல மறந்துட்டேன்னா அவங்கதான் ஞாபகப்படுத்தறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானே ரோசரி மேடத்துக்கு எழுதிக் குடுக்கறேன், அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு. ஆனா நீங்களும் எழுதணும். நீங்க பண்ணத நீங்களே."

ஆஸ்டின் எழுதினான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் எழுதிய முதல் கடிதம். பின்தொடர்ந்து போனதையும் ஒட்டுக் கேட்டதையும் எதையும் மறைக்காமல் எழுதிக் கொண்டுபோய் ரோசரி மேடம் கையில் கொடுத்தான். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்றுகொண்டே பதில் சொன்னான். திட்டு வாங்கினான். வெளியே வந்தான். பிரான்சியைத் தேடவில்லை.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு முக்கொம்பு வாங்க. பேசணும்."

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு. முக்கொம்பில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். மதகுகளில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது மட்டும்தான் கேட்கும். மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு அவன் உட்கார்ந்தான்.

"மறுபடி வெளிவேலைக்குப் போகச் சொல்லிட்டாங்க," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

"சந்தோஷம்ங்க."

"லெட்டரப் படிச்சேன். எழுத்துப் பிழை நெறைய."

"...ஆமாங்க."

அவள் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அதற்குள் ஆஸ்டினின் போன் அடித்தது. திரையில் 'லிசி'. அவன் அவசரமாக எடுத்து, "அரை மணில கூப்பிடறேன்ங்க," என்று வைத்தான். திரும்பிப் பார்த்தால் பிரான்சியின் முகம் கல்லாகியிருந்தது.

"லிசி யாரு?"

"பிளட் பேங்க் இன்சார்ஜுங்க. ஃப்ரீசர் மக்கர் பண்ணுதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"ஞாயித்துக்கெழம கூடவா?"

"ஃப்ரீசருக்கு ஞாயிறு ஏதுங்க?"

"வயசு என்ன இருக்கும்?"

ஆஸ்டின் அவளை வியப்போடு பார்த்தான். "வர்ற மார்ச்சுல ரிட்டயர் ஆறாங்க..."

"ஓ." காதோரம் சிவந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும் வரும்... உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களா?"

ஆஸ்டின் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அன்னிக்கு உங்களத் தெரியாதுன்னு சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போயி அழுதேன்," என்றாள். "கோவத்துல இல்ல. பயத்துல. ஆஸ்டின், என் வேலை இதுதான். என் பொறுப்புல பதினெட்டுப் பேர் இருக்காங்க. பொண்டாட்டிகிட்டயே பேச வெக்கப்படறத என்கிட்ட பேசுவாங்க. தோளப் பாக்கறேன், கேள்வி கேக்கறேன், எழுதிக்கறேன். எங்கப்பாவுக்குக் கூட நான் ரத்தப் பரிசோதனை பண்றேன்னுதான் தெரியும். வாத்தியாரா இருந்தவரு, மாதா கோயில் கமிட்டில இருக்காரு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என் வேலை என்னன்னு நானே வாயத் தெறந்து முழுசா சொல்றது உங்ககிட்டதான். மொத ஆளு நீங்க."

மொத ஆளு.

இத்தனை நாள் நெஞ்சுக்குள் எரிந்த எதுவோ அந்த ஒரு சொல்லில் அணைந்தது.

"நாளைக்கும் நான் போவேன். நாளான்னைக்கும் போவேன்," என்று அவன் பக்கம் திரும்பினாள். "உங்களால தாங்க முடியுமா? பொறாமை வராதுன்னு சொல்ல முடியுமா?"

வராது என்று சொல்லிவிடலாம். அவள் கண்களில் அந்த நேரம் இருந்த கெஞ்சலுக்கு எதையும் சொல்லிவிடலாம்.

"வரும்ங்க," என்றான். "பொய் சொல்ல மாட்டேன். உங்க ஸ்கூட்டி மேலயே எனக்குப் பொறாமைங்க. ஆனா இனிமே வந்தா நேரா உங்ககிட்ட வந்து சொல்வேன். இன்னொருத்தர் வாசல்ல போயி நிக்க மாட்டேன். நீங்க திட்டுங்க... சிரிங்க... எதுனாலும் பரவால்ல. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு பிரான்சி. உங்க வேலையோட சேத்துதான்."

அவள் நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்தாள். அவன் தோளில் தன் தோள் பட்டதும் சட்டென்று குனிந்துகொண்டாள்.

"எங்கப்பாகிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்," என்றாள், கேட்டும் கேட்காத குரலில். "ஒண்ணு வேலை. இன்னொண்ணு நீங்க. எத மொதல்ல சொல்றது?"

"எது கஷ்டமோ அத."

"ரெண்டும்தான்..." என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, அவனை நேராகப் பார்த்தாள். "கூட வருவீங்களா?"

"எப்ப?"

"இன்னிக்கே. இப்பவே."

ஆஸ்டின் எழுந்து கையை நீட்டினான். சுற்றிலும் கூட்டம் பார்க்கிறதே என்று அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.